நிப்பிள் மேலே பார்த்திருக்கிறதா?

தமிழ்நாட்டில் பொறியியல் படித்த யாருக்கும் ஓ.டி. என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆன் டூட்டி. வேறு கல்லூரியில் நடக்கும் சிம்போசியம் என்ற தொழில்நுட்ப விழாவுக்கோ போட்டிக்கோ போனால், அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்ததாகவே கணக்கு வைப்பார்கள். 75 சதவீத வருகை இல்லையென்றால் செமஸ்டர் எழுத முடியாது. 73-இல் தொங்கிக்கொண்டிருப்பவனுக்குத் திடீரென்று ஆராய்ச்சி ஆர்வம் பீறிட்டு வர இது போதாதா?

எனக்கு அப்படித்தான் வந்தது. 2010, மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு. கல்லூரி திருச்செங்கோட்டுப் பக்கம், பேருந்து நிறுத்தத்திலிருந்து உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். நோட்டீஸ் போர்டு முழுக்க சிம்போசிய போஸ்டர்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு சீசன்; ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னொன்று. துறைக்கு ஒரு சிம்போசியம், ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் ஆண்டு. பேப்பர் பிரசன்டேஷன், டெக்னிக்கல் க்விஸ், கம்ப்யூட்டர்காரர்களுக்கு புரோகிராமில் பிழை தேடும் டீபக்கிங், எங்களுக்கு கம்ப்யூட்டரில் பாகம் வரையும் கேட் மாடலிங். அப்புறம் எதற்கென்றே தெரியாமல் ஒரு ட்ரெஷர் ஹண்ட். கிண்டியில் குருக்ஷேத்ரா, ஐ.ஐ.டி.யில் சாஸ்த்ரா, திருச்சி என்.ஐ.டி.யில் பிரக்யான் போன்ற பெரிய விழாக்களுக்குப் போனால் மூன்று நாள் ஓ.டி. கிடைக்கும் என்பதால் அவற்றுக்குத் தனி மரியாதை.

பேப்பர் தயாரிப்பது அந்தக் காலத்தில் பெரிய வேலை இல்லை. 'மெக்கானிக்கல் செமினார் டாபிக்ஸ்' என்று தேடினால் பட்டியலே வந்துவிடும். கிரையோஜெனிக் எஞ்சின், ஹைட்ரஜன் கார், நானோ டெக்னாலஜி. அதில் ஒன்றை எடுத்து, ஐ ட்ரிபிள் ஈ ஆய்விதழ் பாணியில் பக்கத்தை இரண்டு நெடுவரிசையாக்கி, முகப்பில் எங்கள் பெயரைப் போட்டு, நெட் சென்டரில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டால் தீர்ந்தது. நானும் என் அறைத்தோழனும் எடுத்தது அழுத்தக் காற்றில் ஓடும் கார். அப்போது அது சூடான விஷயம். டாடா மோட்டார்ஸ் 2007-இல் எம்.டி.ஐ. என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. காற்றிலேயே கார் ஓடப்போகிறது என்று பத்திரிகைகளும் எழுதின.

கோவையில் ஒரு கல்லூரி. காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறி, எட்டரைக்கெல்லாம் வரிசையில் நின்றோம். ஃபுல் ஹேண்ட், டக் இன், நண்பனிடம் இரவல் வாங்கிய ஷூ. பதிவுக் கட்டணத்துக்கு ஒரு ஃபைல், ஒரு பேனா, ஒரு சாப்பாட்டு டோக்கன் தந்தார்கள். எங்கள் முறை பதினொன்றேமுக்காலுக்கு வந்தது. மூன்றாவது ஸ்லைடில் ஒரு வரைபடம்: டாங்கின் அழுத்தம் கூடக் கூட, கார் ஓடும் தூரம் வளைந்து மேலே போகும். 300 பார் அழுத்தத்தில் 200 கிலோமீட்டர். நான் கம்பீரமாகச் சுட்டிக்காட்டினேன்.

நடுவர் வயதானவர், ஏதோ பாலிடெக்னிக்கில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார்கள். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இந்தப் படம் எங்கேயிருந்து வந்ததுங்க தம்பி?"

"நெட்ல சார்."

"அது தெரியுது. இந்த 200 எங்கேயிருந்து வந்துச்சு?"

நான் என் நண்பனைப் பார்த்தேன். அவன் ஸ்லைடைப் பார்த்தான். நடுவர் எழுந்து வந்து மார்க்கரை எடுத்தார். டாங்க் எவ்வளவு பெரிது என்றார். 300 லிட்டர் என்று அடுத்த ஸ்லைடில் இருந்தது, அதைப் படித்துச் சொன்னேன். போர்டில் மூன்று வரி எழுதினார். அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினார், அதை அழுத்த விகிதத்தின் லாகரிதத்தால் பெருக்கினார். தெர்மோடைனமிக்ஸில் நாங்களே மனப்பாடம் செய்து எழுதிய சமவெப்பச் சூத்திரம்தான். விடை சுமார் 51 மெகாஜூல். "ஒரு லிட்டர் பெட்ரோல்ல 34 இருக்கும். அப்ப உங்க டாங்க் முழுக்க இருக்கறது ஒன்றரை லிட்டர் பெட்ரோல். அதுவும் நஷ்டமே இல்லாம வெளியே எடுத்தா. ஒன்றரை லிட்டர்ல 200 கிலோமீட்டர் கார் போகுமா?"

பெட்ரோல் எஞ்சின் தன் சக்தியில் முக்கால்வாசியை வெப்பமாக வீணடிக்கும், காற்று மோட்டார் அவ்வளவு வீணடிக்காது, எனவே இந்த ஒப்பீடு முழு நியாயம் இல்லை என்று இன்றைக்கு நான் வாதாடுவேன். ஆனால் அன்றைக்கு அந்த வாதம்கூடத் தெரியாது. "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சாப்பாட்டு டோக்கனுக்கு வெஜ் பிரியாணியும் தயிர்ப் பச்சடியும். பங்கேற்புச் சான்றிதழ் எல்லோருக்கும் உண்டு, எங்களுக்கும் உண்டு. வீட்டு பீரோவில் இன்னும் இருக்கிறது.

முதல் பரிசு யாருக்கு என்றும் சொல்லிவிடுகிறேன். கிரையோஜெனிக் எஞ்சினுக்கு. அந்தப் பையன் ஆங்கிலத்தில் பிளந்து கட்டினான்.

மூன்றாம் ஆண்டில் எங்கள் கல்லூரியில் ஒரு பாஹா அணி சேர்ந்தது. பாஹா என்றால் ஒருவர் மட்டும் உட்காரும் மண்சாலை வண்டி. 1976-இல் அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் மாணவர் போட்டியாகத் தொடங்கியது. இந்தியாவில் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. இந்தியா 2007-இல் இந்தூருக்குப் பக்கத்தில் பீதம்பூரில் ஆரம்பித்தது. மாணவர்களே வண்டியை வடிவமைத்து, கட்டி, கொண்டுபோய் ஓட்ட வேண்டும். எல்லா அணிக்கும் ஒரே மாதிரி எஞ்சின்தான். ஒற்றை சிலிண்டர், பத்து குதிரைத்திறன் சுற்றுவட்டாரம். அதைத் திறந்து கைவைக்கக் கூடாது. மற்றபடி கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் உன் தலையெழுத்து.

நான் ஏன் சேர்ந்தேன்? ஓ.டி. ஒரு மாதத்துக்குக் கிடைக்கும் என்றார்கள். உண்மையைச் சொல்வதில் என்ன.

பைப் வாங்கினோம், வெட்டினோம், வளைத்தோம். மகிந்திரா ஆல்ஃபா லோடு ஆட்டோவின் கியர்பாக்ஸ், மாருதி 800-இன் ஸ்டீயரிங் ராக், பல்சர் பைக்கின் ஷாக் அப்சார்பர். அந்த நாளில் பாதி அணிகளின் வண்டி இப்படித்தான் பழைய இரும்புக் கடையில் பிறந்தது. வெல்டிங்குக்கு ஊருக்குள் ஒரு ரிக் பட்டறைக்குப் போனோம். திருச்செங்கோடு போர் போடும் ரிக் வண்டிக்குப் பேர்போன ஊர். அந்தப் பட்டறைக்கார அண்ணன் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "ஏனுங்க தம்பி, இதுல ஆளு உக்காந்து ஓட்டோணுமா?" என்றார். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர்தான் எங்களுக்கு வாத்தியார். காசு வாங்கினார், ஆனால் கணக்குப் பார்த்து வாங்கவில்லை.

இதில் என் பங்கு ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்று தெரிந்தால்தான் மற்றக் கணக்கு எதையும் போட முடியும். இணையத்தில் தேடினால் ஐந்து பேர் ஐந்து எண் சொன்னார்கள். கல்லூரி ஆய்வகத்தில் ஸ்பிரிங் டெஸ்ட் செய்யும் இயந்திரம் இருந்தது, ஆனால் அதன் சாவி வைத்திருந்தவர் நீண்ட விடுப்பில் போயிருந்தார். எனவே ஹாஸ்டல் மெஸ் ஸ்டோர் ரூமுக்குப் போனோம். ஷாக்கை நிமிர்த்தி நிறுத்தி, சாயாமலிருக்க இரண்டு பக்கமும் பைப் நட்டு, மேலே ஒரு பலகை. பலகை மேல் அரிசிச் சிப்பம். 25 கிலோச் சிப்பம் ஒன்றை ஏற்றினால் ஸ்பிரிங் 12 மில்லிமீட்டர் அமுங்கியது. இரண்டு சிப்பத்துக்கு 25. மூன்றுக்கு 37. நான்காவதை ஏற்றும்போது பலகை சரிந்து மூட்டை கிழிந்து, ஸ்டோர் ரூம் முழுக்கப் பொன்னி அரிசி. மெஸ் மாஸ்டர் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் மூன்று புள்ளி கிடைத்துவிட்டது, நேர்கோட்டிலும் விழுந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 20 நியூட்டன்.

2012. வண்டி லாரியில் முன்னால் போனது. நாங்கள் ஈரோட்டில் அகில்யாநகரி எக்ஸ்பிரஸ் ஏறி இந்தூர் போய் இறங்கினோம். காலையில் நல்ல குளிர். அவலை மஞ்சளாகத் தாளித்து, மேலே சேவு தூவி, பக்கத்தில் ஜிலேபி வைத்துத் தந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஜிலேபியா என்று கேட்டவர்கள் மூன்றாம் நாள் இரண்டு தட்டு வாங்கினார்கள்.

அங்கே போனதும் முதலில் தெரிவது, பேச்சு எடுபடாது என்பதுதான். தொழில்நுட்பச் சோதனையில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார்கள். பைப்பின் தடிமன் சரியா, ஓட்டுநரின் தலைக்கும் மேல் பைப்புக்கும் இடைவெளி போதுமா, கில் சுவிட்சை அழுத்தினால் எஞ்சின் நிற்கிறதா, பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் ஐந்து நொடிக்குள் வெளியே வருகிறானா? எங்கள் ஓட்டுநர் ஒல்லி, மூன்றரை நொடியில் குதித்தான். அதெல்லாம் தாண்டினோம். அப்புறம் பிரேக் சோதனை.

விதி ஒரு வரிதான். வேகமாக வந்து பிரேக் அடித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். மூன்று பூட்டினால் போதாது. நான்கும் பூட்டினால் தரையில் நான்கு கறுப்புக் கோடு விழும். எங்களுக்கு விழுந்தது இரண்டு. முன்சக்கரம் இரண்டும் நின்றன, பின்சக்கரம் இரண்டும் ஒன்றும் நடக்காததுபோல உருண்டன. அடுத்த முறையும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே. பிரேக் சோதனை தாண்டாத வண்டிக்கு மற்ற எந்த ஓட்டமும் கிடையாது. எட்டு மாத வேலை.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் லைனுக்குள் காற்று இருக்கிறது என்று அர்த்தம். திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். மிதிக்கிற சக்தியெல்லாம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். அதை வெளியேற்றுவதைத்தான் பட்டறையில் ஏர் எடுப்பது என்பார்கள். ஒருவன் பெடலை நான்கைந்து முறை மிதித்து அழுத்திப் பிடிப்பான். இன்னொருவன் சக்கரத்தருகே குனிந்து, பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளை ஸ்பேனரால் கால் சுற்று திறப்பான். நிப்பிளில் மாட்டிய டியூப் வழியாகத் திரவமும் குமிழிகளும் பாட்டிலுக்குள் வரும். மூடிவிட்டு, மறுபடி மிதி. குமிழி நிற்கும்வரை.

எங்களுக்குக் குமிழி எப்போதோ நின்றுவிட்டது. பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது. மதியம் மூன்று மணிக்கு ரிக் பட்டறை அண்ணனுக்குப் போன் போட்டேன். ரிக் லாரியின் பிரேக்கே காற்றில் வேலை செய்வது. காற்று இல்லையென்றால் அங்கே ஆபத்து, எங்கள் வண்டியில் காற்று இருந்தால் ஆபத்து. ஆனால் அவர் தொழில் பழகியது அம்பாசிடரில். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"தூரத்துச் சக்கரத்துல ஆரம்பிச்சு கிட்டத்துல முடிச்சீங்களா?"

"ஆமாங்ண்ணா."

"ஆயில் பாட்டில்ல காலியாவாம பாத்துட்டீங்களா?"

"பாத்தோங்ண்ணா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பின்னாடி காலிப்பர்ல நிப்பிள் மேல பாத்திருக்குதா, கீழ பாத்திருக்குதா?"

போய்ப் பார்த்தேன். கீழே பார்த்திருந்தது.

லாரி ஏற்றுவதற்கு முந்தைய இரவு, பின்பக்கம் ஒரு பிராக்கெட்டில் விரிசல் தெரிந்தது என்று இரண்டு காலிப்பரையும் கழற்றி வெல்டு வைத்தோம். திரும்ப மாட்டும்போது இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டோம். போல்ட் பொருந்தும், பேட் பொருந்தும், எதுவும் தப்பாகத் தெரியாது. நிப்பிள் மட்டும் தலைகீழ். காற்று மேலேதான் போகும்; வாய் கீழே இருந்தால் எத்தனை முறை மிதித்தாலும் திரவம்தான் வரும், காற்று காலிப்பரின் மேல் மூலையில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். இருபத்தைந்து மெக்கானிக்கல் மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தும் தெரியவில்லை.

கழற்றி மாற்றி மாட்டி, மறுபடி ஏர் எடுத்தோம். பிரேக் ஆயில் தீர்ந்துபோனது; நாங்கள் கேட்டதும் பக்கத்து மகாராஷ்டிர அணி ஒரு புட்டியை நீட்டியது. ஐந்தரை மணிக்கு வெளிச்சம் மங்கும் நேரத்தில் எங்கள் ஒல்லி ஓட்டுநர் வந்து அடித்தான். நான்கு கோடு. அந்தக் கோடுகளை நான் கேமரா போனில் படம் எடுத்தேன். ஒன்றும் தெரியாத கறுப்புப் படம், இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் டிசைன் நடுவர்கள். ஏதோ கார் கம்பெனியில் சஸ்பென்ஷன் பார்க்கும் பொறியாளர், மராத்திக்காரர். எங்கள் அறிக்கையைப் புரட்டினார். ஸ்பிரிங் கடினத்தில் விரல் வைத்து, இந்த எண் எங்கேயிருந்து வந்தது என்றார். எனக்குக் கோயம்புத்தூர் ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. அரிசி மூட்டைக் கதையைச் சொன்னேன், மூட்டை கிழிந்தது வரைக்கும். அவர் சிரிக்கவில்லை. பலகையின் எடையைக் கழித்தீர்களா என்று கேட்டார். கழிக்கவில்லை. கோட்டின் சரிவைத்தானே பார்க்கிறோம், பலகை எல்லா அளவிலும் ஒன்றுதானே என்றேன். அப்போதுதான் தலையாட்டினார். மற்ற பக்கங்களில் சாஃப்ட்வேரில் வண்ண வண்ணமாய் எடுத்திருந்த அழுத்தப் படங்களை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மூன்று புள்ளியைப் பற்றியே பத்து நிமிடம் பேசினோம்.

நான்கு மணி நேரம் தாக்குப்பிடித்து ஓட வேண்டிய என்ட்யூரன்ஸில் எங்கள் வண்டி ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனை உடைந்து, முன்சக்கரம் ஒன்று வேறு ஊருக்குப் போகப் பார்த்தது. எத்தனையாவது இடம் என்று கேட்காதீர்கள்.

இப்போது நானே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஓ.டி. படிவத்தில் கையெழுத்துப் போடும் பக்கத்துக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. போட்டிகள் பெருகிவிட்டன. 2017-இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானுக்கு ஆறு பேர் அணி கட்டுகிறார்கள், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. மென்பொருள் பிரிவில் 36 மணி நேரம் விடாமல் உட்காருகிறார்கள். கோவை செட்டிபாளையத்தில், கார் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மாணவர்களே கட்டும் ரேஸ் கார்களுக்கான ஃபார்முலா பாரத் நடக்கிறது. அங்கே மின்கார்களுக்கு மழைச் சோதனை உண்டு. இரண்டு நிமிடம் வண்டி மேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள், நிறுத்திய பிறகும் இரண்டு நிமிடம் மின்கசிவு இல்லாமல் தாங்க வேண்டும். அந்த நான்கு நிமிடம் மாணவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் துறையினருக்கு ஐ.சி.பி.சி. என்ற புரோகிராமிங் போட்டி: மூன்று பேருக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம், ஒவ்வொரு கணக்கு தீர்ந்ததும் மேஜையில் ஒரு பலூன். தப்பாக எழுதினால் கணினி தப்பு என்று சொல்லிவிடும், ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் சரி.

இதற்கு நேர் எதிராகக் கருத்தரங்குகள். 'இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்' என்ற பேனருக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் இருபது நிமிடம் ஜூமில் வந்தால் போதும். கல்லூரிக்கு எண்ணிக்கை வேண்டும், ஆசிரியருக்குப் பதவி உயர்வு வேண்டும், மாணவனுக்கு ரெஸ்யூமேயில் ஒரு வரி வேண்டும். எல்லோருக்கும் வேண்டியது கிடைக்கிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை. நானே கட்டணம் கட்டி ஒன்றுக்குப் போனேன். அறையில் ஆறு பேர்; ஆறு பேரும் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள், முடித்தவர் முடித்தவர் எழுந்து போனார். கடைசியாகப் பேசிய நான் நடுவருக்கும் மைக்செட் பையனுக்கும் பேசினேன். 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்கியபோது, எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு துக்க வீட்டு அமைதி நிலவியது. யார் யாருடைய கட்டுரை எதில் வந்திருந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

சிம்போசியங்கள் அப்படியேதான் இருக்கின்றன. பதிவுக் கட்டணத்துக்கு வங்கி டிடிக்குப் பதில் க்யூ.ஆர். கோடு, செமினார் டாபிக்ஸுக்குப் பதில் சாட்ஜிபிடி. வெஜ் பிரியாணி மாறவில்லை.

போன வருடம் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரிக்கு நடுவராகப் போயிருந்தேன். இருபத்திரண்டு பேப்பர். ஸ்லைடுகள் கண்ணைப் பறித்தன. எல்லாவற்றிலும் செயற்கை நுண்ணறிவு, எல்லாவற்றிலும் 98 சதவீதத் துல்லியம். ஒவ்வொருவரிடமும் அந்த 98 எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். கூட இருந்த நடுவருக்கு என் மேல் எரிச்சல், மணி ஒன்றரை தாண்டியிருந்தது.

பத்தொன்பதாவதாக ஒரு பெண், இரண்டாம் ஆண்டு. மண்ணின் ஈரம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் கருவி. இதுவும் புதிதல்ல, ஊருக்கு நூறு பேர் செய்ததுதான். ஸ்லைடு நான்கே நான்கு. ஆனால் ஒரு அட்டவணையில் 17 நாள் அளவு இருந்தது, நடுவில் மூன்று நாள் காலி.

"இந்த மூணு நாள் என்னாச்சும்மா?"

அவள் தயங்கினாள். பக்கத்தில் நின்ற தோழி முழங்கையால் இடித்தாள்.

"ஆடு ஒயரைக் கடிச்சிருச்சுங்க சார். அப்பா சந்தைக்குப் போயிட்டாரு, ஒயர் வாங்கிட்டு வரதுக்கு மூணு நாள் ஆயிருச்சு."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிவந்துபோய், பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினாள். பென்சிலில் தேதி, மணி, அளவு. ஓரத்தில் மண் கறை. சென்சார் கம்பி பத்தாம் நாளே துருப்பிடிக்க ஆரம்பித்ததையும், அதன் பிறகு அளவு கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொன்னதையும் எழுதி வைத்திருந்தாள். அதை ஏன் ஸ்லைடில் போடவில்லை என்றேன். "தப்பா வந்தத எதுக்குப் போடோணும்னு மேடம் சொன்னாங்க சார்."

அவளுக்கு இரண்டாம் இடத்துக்கு மதிப்பெண் போட்டேன். கூட்டிப் பார்த்ததில் ஐந்தாவது வந்தாள். மூன்று பேருக்குத்தான் கேஷ் பிரைஸ்.

நாலு மணிக்கு நான் வண்டியை எடுக்கும்போது கேட் அருகில் நின்றிருந்தாள். கையில் மடித்த ஓ.டி. படிவம். ஒருங்கிணைப்பாளர் கிளம்பிவிட்டாராம், அவர் இல்லையென்றால் நடுவர் கையெழுத்துப் போட்டாலும் போதும் என்றார்களாம். பேனட் மேல் வைத்துப் போட்டுக் கொடுத்தேன். துருப்பிடிக்காத கம்பி எங்கே கிடைக்கும் சார் என்று கேட்டாள். பழைய பென்சில் செல்லை உடைத்தால் நடுவில் கறுப்பாக ஒரு கார்பன் குச்சி இருக்கும், அதை வைத்துப் பார் என்றேன். எத்தனை நாளுக்குத் தாங்கும் என்றாள்.

"தெரியல. நீதான் பார்த்துச் சொல்லணும்."

சரிங்க சார் என்றாள். ராசிபுரம் பேருந்து வந்துவிட்டது, ஓடினாள்.